குப்பையும் உபதேசமும்

அண்மைக் காலத்தில் நமது கல்விக்கூடங்களிலே புதியதோர் உபதேசம் தோன்றியுள்ளது. முன்னர் மாணவனுக்குப் பணிவையும் பக்தியையும் போதித்தவர்கள் இப்பொழுது அவனுக்குக் குப்பைத் தொட்டியின் நிறங்களைப் போதிக்கிறார்கள். பச்சையில் உணவுக் கழிவு, நீலத்தில் கடதாசி, செம்மஞ்சளில் பிளாஸ்ரிக், சிவப்பில் கண்ணாடி, கபிலத்தில் உலோகம். விடுதி வாயிலில் ஐந்து தொட்டிகள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றுக்கு மேலே ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வாசகம். திறந்துவைக்க வந்த பிரமுகர்கள் நாடாவை வெட்டி, பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் அருந்தி, புகைப்படத்துக்கு நின்று, போய்விடுகிறார்கள்.

இதில் தவறு யாது என்று கேட்கலாம். கழிவைத் தரம்பிரித்தல் நல்லதென்பதை மறுப்பார் எவருமிலர். தொட்டியோடு சேர்த்து வழங்கப்படும் விளக்கத்தையே நாம் எதிர்க்க வேண்டியிருக்கிறது. மாணவர் ஒழுங்கீனர், ஆதலால் விடுதி அழுக்கடைகிறது, அவர்கள் மனந்திருந்தினால் குப்பை ஒழியும் என்பது அவ்விளக்கம். சமூகத்தின் நோய்க்குத் தனிமனிதனின் குணக்கேட்டைக் காரணங்காட்டும் மரபு நமக்குப் பழக்கமானதே. வறியவன் வறியவனாயிருப்பது சோம்பலினால் என்றும், தோட்டத் தொழிலாளி கடன்படுவது குடியினால் என்றும் சொன்ன வாய்களே இன்று விடுதியின் குப்பை மாணவனின் குணத்தினால் என்கின்றன. 2025 ஜனவரி முதலாந் திகதி ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டம் தொடங்கிய பின்னர் இவ்வுபதேசத்தின் தொனி மேலும் உயர்ந்துள்ளது. இடதுசாரி மரபிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அரசாங்கமொன்றின் கீழ் இது நிகழ்வதால், அதனை இன்னுங் கூர்ந்து நோக்குதல் நமது கடமையாகிறது.

வன்னிப் பெருநிலத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியாவில் பம்பைமடுவிலே பல்கலைக்கழகம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாகும்வரை அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்களும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உள்ளன. வவுனியாவில் ஆசிரிய மாணவர் தங்கிப் பயிலும் தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு. இவற்றைச் சூழப் பாடசாலை விடுதிகள், வாடகை அறைகள். போருக்கு முந்திய வன்னி கண்டிராத தொகையில் இளைஞரும் யுவதியரும் தீவின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து இங்கே ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்குகின்றனர். எந்தவொரு விடுதியையுஞ் சுட்டி நான் இதனை எழுதவில்லை. விடுதி வாழ்க்கை எனும் அமைப்பையே எழுதுகிறேன்.

முதலில் எளியதொரு கேள்வி. ஐந்து நிறத் தொட்டிகளில் இடப்படுவது எங்கே போகிறது?

வவுனியா நகரின் குப்பை நெடுங்காலமாகக் கொட்டப்பட்டுவந்த இடத்தின் பெயர் பம்பைமடு. ஆம், பல்கலைக்கழகம் இருக்கும் அதே பம்பைமடு. அதன் அயலிலே சாளம்பைக்குளம். போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டுகள் கழித்து மீண்டுவந்த முஸ்லிம் குடும்பங்கள் வாழும் கிராமம். நாற்றமும் ஈயும் புகையும் பொறுக்கமாட்டாமல், 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கிராமத்து மக்கள் வீதிக்கு வந்து குப்பை வண்டிகளை மறித்துப் போராடினர். அகதி முகாமிலிருந்து தம் நிலத்துக்குத் திரும்பியவர்களுக்கு நகரம் அனுப்பிவைத்த வரவேற்புச் சீர் அதுவாயிருந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. போர் முடிந்த 2009இன் பின், சரணடைந்த பெண் போராளிகள் ‘புனர்வாழ்வு’ என்ற பெயரில் தடுத்துவைக்கப்பட்டதும் பம்பைமடுவின் மாணவர் விடுதிக் கட்டடங்களிலேதான். நகரம் தன் கண்ணில் படவேண்டாமென்று கருதுவதை ஒதுக்கிவைப்பதற்கு எப்பொழுதும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் யார் வாழ்கிறார்கள் என்று அது கேட்பதில்லை.

வீட்டுப் பிரச்சினையைப் பற்றி 1872இல் எழுதியபோது ஏங்கெல்ஸ் ஓர் உண்மையைச் சுட்டினார்: முதலாளித்துவ நகரம் சேரிகளை ஒழிப்பதில்லை, அவற்றை வேறிடத்துக்கு நகர்த்துகிறது, நகர்த்திய இடத்தில் அவை மீண்டும் முளைக்கின்றன. குப்பைக்கும் இது பொருந்தும். விடுதி முற்றம் பளிச்சென்றிருக்கிறது என்றால் குப்பை இல்லாமற் போயிற்று என்பதல்ல பொருள். அது சாளம்பைக்குளத்தின் காற்றுக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்பதே. ஐந்து தொட்டிகளில் பிரித்திட்டதை ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் ஒன்றாய்க் கொட்டி ஏற்றிச்செல்வார்களாயின், தொட்டியின் நிறம் என்ன பயனைத் தரும்? தான் பிரித்தது மீண்டும் கலக்கப்படுவதை ஒருமுறை சன்னலினூடே கண்ட மாணவன் இரண்டாம் முறை பிரிக்கமாட்டான். அது அவனுடைய ஒழுக்கக்கேடாகாது, அறிவுடைமையாகும்.

இனி, அத்தொட்டிக்குள் இருப்பது யாது என்று நோக்குவோம். உபதேசிகள் ஒருபோதும் எட்டிப்பார்த்திராத இடம் அது. பார்த்தால் அங்கே பெரும்பாலும் மூன்று பொருள்களே இருக்கும்: உண்டு மிஞ்சிய சோறு, அச்சோறு வந்த பொலித்தீன் தாள், தண்ணீர் வந்த பிளாஸ்ரிக் போத்தல். கடதாசியும் கண்ணாடியும் தகரமும் வெகு சிறுபான்மை. ஆகவே மாணவன் சோற்றை ஏன் பொதியாய் உண்கிறான், தண்ணீரை ஏன் போத்தலிற் குடிக்கிறான் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டால் விடுதிக் குப்பையின் பெரும்பகுதிக்கு விடை கண்டவர்களாவோம்.

சோற்றுப் பொதி சுற்றும் தாளைக் கடைகளில் ‘லஞ்ச் சீற்’ என்பார்கள். அது நமது மரபு அன்று. வன்னியின் குளங்களிலே தாமரை இலை இருந்தது. கோயில் அன்னதானத்துக்கு அதுவே கலம். பனையோலையை மடித்துக் கோலிய தட்டுவத்தில் சோறும், பிளாவிலே கூழும் உண்ட மக்கள் நாம். உண்டபின் அவை மாட்டுக்கும் மண்ணுக்கும் போயின. இதனைச் சொல்வது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. ஆயிரம் மாணவருக்குத் தாமரை இலை பறித்துக் கொடுக்க எவராலும் முடியாது. ஆனால் ஆயிரம் மாணவருக்கு ஆயிரம் உருக்குத் தட்டுகள் வாங்க முடியும். அவை பத்தாண்டு உழைக்கும். ஏன் வாங்கப்படுவதில்லை?

விடுதிச் சிற்றுண்டிச்சாலை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. தட்டைக் கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும், சவர்க்காரம் வேண்டும், இரண்டு தொழிலாளரின் கூலி வேண்டும். பொலித்தீன் தாளோ அற்ப விலை. எனவே குத்தகைக்காரர் தட்டை நீக்கிவிட்டுத் தாளை வைக்கிறார். தட்டு இருக்கும் இடங்களிலுங்கூட அதன் மேலே ஒரு தாளை விரித்துச் சோற்றை இடுகிறார்கள்; உண்டு முடிந்ததும் தாளை உருவி எறிந்துவிட்டு அதே தட்டில் புதிய தாளை விரிக்கிறார்கள். இந்நாடெங்கும் சாப்பாட்டுக் கடைகளில் காணக்கூடிய இக்காட்சிக்குச் சுகாதாரம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது தட்டுக் கழுவும் தொழிலாளியின் கூலி. அக்கூலி மிச்சப்பட்டது, அந்த மிச்சம் குத்தகைக்காரரின் பைக்குள்ளே போயிற்று, அதன் நிழலாகிய பொலித்தீன் மாத்திரம் பொதுமக்களின் காணிக்குள் வந்து விழுந்தது. இலாபம் தனியாருக்கு, கழிவு சமுதாயத்துக்கு என்ற பங்கீட்டினை விளக்குவதற்குப் பொருளாதார நூல் எதுவும் வேண்டாம். மதியவேளையில் ஒரு சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்றாற் போதும்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மாணவர் நாளுக்கு இரண்டு பொதி வீதம் வருடத்தில் இருநூறு நாள் உண்பதாக வைத்துக்கொண்டால், நான்கு இலட்சம் தாள்கள். அத்தனையையும் எறிந்த கை மாணவனுடையதுதான். ஆனால் தேர்ந்தெடுத்த கை வேறு.

மாணவன் தானே சமைத்துண்ணலாமே என்பார் உளர். விடுதி அறைகளிலே அடுப்பு மூட்டுதல் தடை. பொதுச் சமையற்கூடம் உள்ள விடுதிகள் குறைவு. மகாபொல புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் உயர்த்திற்று. உயர்த்திய தொகையையே முப்பது நாளாற் பிரித்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று வேளை உணவு, பேருந்துக் கட்டணம், கொப்பி, நிழற்பிரதி எல்லாம் அதற்குள்ளே. மலையகத்திலிருந்து வரும் தொழிலாளியின் மகளுக்கு அதற்குமேல் வீட்டிலிருந்து வருவது சொற்பம். சிலவேளை அவள்தான் வீட்டுக்கு அனுப்புகிறாள். அவள் சலவைத் தூளைப் பெரிய பொதியாக வாங்காமல் சிறு பக்கற்றுகளாக வாங்குவது கையில் ஒருபோதும் பெரிய காசு சேராதபடியால். சின்னஞ்சிறு பக்கற்று வறியவனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள். அளவிலே குறைவு, விலையிலே அதிகம், குப்பையிலே மிக அதிகம். 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் ஒழிந்த ஏனைய பொருள்களுக்கு 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்த அளவுமான பக்கற்றுகள் தடைசெய்யப்பட்டன. வறுமை தடைசெய்யப்படவில்லை.

தண்ணீருக்கு வருவோம். வவுனியா மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினமானது. சுண்ணமும் புளோரைட்டும் மிகுந்தது. காரணம் திட்டவட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய மாவட்டங்களுள் வவுனியாவும் ஒன்று. கிணற்று நீரைக் குடிக்காதே என்று வைத்தியரும் சுகாதாரப் பரிசோதகரும் எச்சரிக்கும் பிரதேசத்திலே தென்னிலங்கையிலிருந்து வந்த மாணவன் போத்தல் நீரை வாங்குவது ஆடம்பரமா? அவனுடைய செம்மஞ்சள் தொட்டி நிரம்புவதற்குக் காரணம் குடிநீர்க் குழாயில் இருக்கிறது. விடுதியின் ஒவ்வொரு மாடியிலும் வடிகட்டிய நீர் வரும் ஒரு குழாய் இருந்து, அந்நீர் தவறாது பரிசோதிக்கப்பட்டு, பரிசோதனை முடிவு சுவரில் ஒட்டப்படுமாயின், போத்தல் தானே மறையும். எந்தச் சுவரொட்டியும் தேவைப்படாது. சுவரில் ஒழுக்க வாசகத்தை எழுதுவது மலிவு; நீர்ப் பரிசோதனை முடிவை எழுதுவதற்குப் பரிசோதனை நடத்த வேண்டும்.

மீள்சுழற்சி இருக்கிறதே, போத்தலை மறுபடி போத்தலாக்கலாமே என்பர். மீள்சுழற்சி செய்யத்தக்கது என்பதும் மீள்சுழற்சி செய்யப்படுவது என்பதும் இருவேறு சொற்கள். 1950 தொடக்கம் 2015 வரை உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்ரிக் ஏறக்குறைய 830 கோடித் தொன் என்றும், கழிவாகியதில் மீள்சுழற்சிக்குட்பட்டது நூற்றுக்கு ஒன்பது மாத்திரமே என்றும் 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. நூற்றுக்கு எழுபத்தொன்பது பங்கு குப்பைமேட்டிலும் சூழலிலும் கிடக்கிறது. வன்னியில் நிலை இன்னும் கடினம். வெறும் போத்தல் எடையற்றது, இடத்தை அடைப்பது. அதனை நசுக்கிக் கட்டித் தெற்கேயுள்ள ஆலைகளுக்கு ஏற்றும் செலவு போத்தலின் விலையை விழுங்கிவிடும். சேர்த்து அமுக்கும் இயந்திரமும் வாங்குவோனும் இல்லாத இடத்தில் செம்மஞ்சள் தொட்டி ஒரு நிறம் மட்டுமே.

இவ்விடத்தில் அயல்நாட்டு வரலாறு ஒன்றைக் கூறுதல் தகும். அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலம் 1953இல், திரும்பப் பெறப்படாத பியர்ப் போத்தல்களைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. அதே 1953இல், தகரப்பேணி, போத்தல் உற்பத்தியாளர் சேர்ந்து ‘அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்’ என்றோர் அமைப்பினை நிறுவினர். குப்பையை ஆக்குவது பொருளன்று, அதனை வீதியில் எறியும் மனிதனே என்பது அவ்வமைப்பின் கோட்பாடு. வெர்மொன்றின் சட்டம் நான்கு ஆண்டில் காலாவதியாயிற்று. அமைப்போ இன்றும் வாழ்கிறது. 1971இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற விளம்பரத்தில் செவ்விந்தியர் ஒருவர் குப்பையைக் கண்டு கண்ணீர் உகுத்தார். அவ்வேடத்தில் நடித்தவர் இத்தாலிய வம்சாவளியினர் என்பது பிற்பாடு தெரியவந்த சங்கதி. கண்ணீரும் கடன், ஒழுக்கமும் கடன்! நமது விடுதிச் சுவர்களிலுள்ள வாசகங்களின் பூர்வீகம் இதுவென்று அவற்றை ஒட்டுகிறவர்கள் அறிந்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பர்.

நமது நாட்டிலே சோடாப் போத்தல் கண்ணாடியாயிருந்த காலத்தை ஆசிரிய நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெறும் போத்தலைக் கொடுத்தாற்றான் நிறைபோத்தல். இல்லையேல் போத்தலுக்கும் காசு. வீதியில் ஒரு போத்தல் கிடக்காது. கிடந்தால் சிறுவர் பொறுக்கிக் கடையிற் கொடுத்து இனிப்பு வாங்குவர். அக்காலத்து மக்கள் நம்மினும் ஒழுக்கசீலராயிருந்தனரா? போத்தலுக்கு விலை இருந்தது, அவ்வளவே. கம்பனிகள் பிளாஸ்ரிக் போத்தலுக்கு மாறியபோது கழுவும் செலவும் திரும்ப ஏற்றும் செலவும் அவர்களுக்கு மிச்சமாயின. சிற்றுண்டிச்சாலைத் தட்டின் கதையே இங்கும்.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்போர் தமிழ்நாட்டின் நீலகிரியைப் பார்க்கலாம். காட்டிலே மதுப் போத்தல்கள் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், 2022 மே மாதம் முதல் அரச மதுக்கடைகளில் போத்தலுக்குப் பத்து ரூபா கூடுதலாக அறவிட்டு, வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்ததும் அப்பத்து ரூபாவை மீளக்கொடுத்தனர். போத்தல்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. நீலகிரியின் குடிகாரர்கள் ஒரே மாதத்தில் மனந்திருந்தி ஒழுக்கசீலராயினர் என்று நம்புவோர் நம்புக! குடிகாரனிடம் சாதிக்க முடிந்ததை மாணவனிடம் சாதிக்க முடியாதென்று கருதுகிறவர்கள் மாணவனைப் பற்றி என்ன எண்ணுகிறார்களோ, அறியேன்.

அரசாங்கத்தின் தடைகளை விரைவாகக் குறிப்பிட்டுச் செல்கிறேன். 2007இல் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டுத் தினத்தன்று கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து 32 உயிர்களைக் கொண்டது. அதே செப்டம்பரில் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. பொலித்தீனைத் திறந்த வெளியில் எரிப்பதும் குற்றமாயிற்று. 2023 ஒக்ரோபரில் பிளாஸ்ரிக் தட்டும் கரண்டியும் உறிஞ்சு குழலும் இடியப்பத் தட்டும் அப்பட்டியலிற் சேர்ந்தன. 2025 நவம்பரில் கடைப் பைகளை இலவசமாக வழங்கலாகாது என்ற விதி வந்தது. அதன்படி காசு கொடுக்க வேண்டியவர் வாங்குவோர். ஒவ்வொரு தடைக்கும் பின்னாலும் ‘உக்கும் தாள்’ என்ற பெயரில் ஏதோவொன்று சந்தைக்கு வருகிறது. அது எத்தனை நாளில் உக்கும், எவ்வெப்பநிலையில் உக்கும் என்பதைக் கேட்போர் இல்லை. உற்பத்தியாளனின் வாசலில் நிற்க அஞ்சும் சட்டம் நுகர்வோனின் வாசலில் வீரத்துடன் நிற்கிறது.

உலகளவிலும் இதே ஒழுங்குதான். 2017 முதல் 2019 வரை, பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலன் கொள்கலனாகக் கழிவு வந்தது. வைத்தியசாலைக் கழிவும் அதிற் கலந்திருந்தது. வழக்காடி, நீதிமன்ற உத்தரவின் பேரில் 260க்கு மேற்பட்ட கொள்கலன்களை 2022ஆம் ஆண்டின் தொடக்கம் வரை திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இலண்டனுக்குக் கொழும்பு எதுவோ அதுவே வவுனியா நகருக்குச் சாளம்பைக்குளம். கொழும்புக்கு நீதிமன்றம் இருந்தது.

பச்சைத் தொட்டியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். அங்கேதான் பெரிய மடமை நிகழ்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் எனும் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஓர் உண்மையை நிறுவினார்: வயலிலிருந்து தானியமாக நகரத்துக்குச் செல்லும் ஊட்டம் வயலுக்குத் திரும்பாவிடின் மண் வறிதாகும். மார்க்ஸ் லீபிக்கை ஆழ்ந்து கற்று, மனிதனுக்கும் மண்ணுக்குமிடையிலான இப்பரிமாற்றத்தை முதலாளித்துவம் அறுத்துவிடுகிறது என்று ‘மூலதன’த்தில் எழுதினார், மண்ணுக்குப் போகவேண்டியதைக் கொண்டு தேம்ஸ் நதியை நாறடிக்கும் இலண்டனை எள்ளினார். சூழலியல் நேற்றுப் பிறந்த நாகரிகம் என்று கருதும் நண்பர்கள் அப்பக்கங்களைப் புரட்டுதல் நலம்.

அந்த அறுந்த கயிற்றை நமது நாடு 2021இல் நேரிற் கண்டது. மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. சேதனப் பசளைக்கு எவ்வித ஆயத்தமும் இருக்கவில்லை. வன்னியின் நெல் விவசாயி உட்பட நாட்டின் விவசாயி எல்லாம் தெருவுக்கு வந்தான். நவம்பரிலே தடை மீளப்பெறப்பட்டது. இதற்கிடையில் சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையை ஏற்றி ஒரு கப்பல் வந்தது. தீங்கான நுண்ணுயிர் உண்டென்று சரக்கை இறக்க மறுத்தார்கள். இறக்காத சரக்குக்காக 2022 ஜனவரியில் 67 இலட்சம் அமெரிக்க டொலரைச் செலுத்தினார்கள். அந்த நாட்களில் நாட்டின் ஒவ்வொரு நகரத்துக் குப்பைமேட்டிலும், ஒவ்வொரு விடுதியின் பின்புறத்திலும், பசளையாகக்கூடிய சோறும் கறியும் மரக்கறித் தோலும் பொலித்தீனுக்குள்ளே அழுகிக்கொண்டிருந்தன.

மீண்டும் அதே ஆயிரம் மாணவர். ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் மிஞ்சுவதாகக் கொண்டால், இருநூறு நாளில் இருபது தொன். ஈரச் சோறு தனியே கிடந்தால் காற்றில்லாமல் அழுகும், நாறும், மீதேன் வாயுவை வெளிவிடும். அதனோடு வைக்கோலும் சருகும் உமியும் கலந்து, ஈரம் பார்த்து, வாரத்துக்கொருமுறை புரட்டினால் குவியல் 55 பாகைக்கு மேல் சூடேறி நோய்க் கிருமிகளை அழித்து, மூன்று மாதமளவில் மண்வாசனையுள்ள பசளையாகும். வைக்கோலுக்கு வன்னியிற் பஞ்சமா? காலபோக அறுவடை முடிந்ததும் வயலிலேயே தீ வைக்கிறார்கள். ஒருபுறம் வைக்கோல் எரிகிறது. மறுபுறம் சோறு அழுகுகிறது. இரண்டுக்கும் நடுவே விவசாயி கடன்பட்டு உரமூட்டை வாங்குகிறான். இம்மூன்றையும் இணைக்கத் தெரியாத கல்வியை நாம் எதற்காகக் கற்கிறோம், எதற்காகக் கற்பிக்கிறோம்?

ஆனால் ஒரு நிபந்தனை. சோற்றோடு பொலித்தீன் துண்டு கலந்துவிட்டால் பசளை கெட்டது. வயலிலே பொலித்தீனை விதைக்க எந்த விவசாயியும் ஒப்பமாட்டான். ஆகவே தரம்பிரித்தல் இங்கே இன்றியமையாதது. அப்படியாயின் பிரிப்பது யார்?

இக்கேள்வியிலே நமது சமூகத்தின் மிகப் பழைய அழுக்கு வெளிப்படுகிறது. மாணவன் சோற்றையும் தாளையும் சுருட்டி அகப்பட்ட தொட்டியில் எறிவான். மறுநாட் காலை சுத்திகரிப்புத் தொழிலாளி கையுறையின்றி அதனைக் கிளறிப் பிரிப்பார். பெரும்பாலும் அவர் எச்சாதியினர் என்பது அவ்விடுதியில் எல்லாருக்கும் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவரை ஒருமையில் அழைக்கும் வாய்கள் மாலையில் சமத்துவம் பற்றிக் கருத்தரங்கு நடத்துகின்றன. 1966இல் தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்ட மரபின் வாரிசுகள் நாம் என்று உரிமைகொண்டாடும் மாணவ நண்பர்களிடம் இதனைக் கடுமையாகவே சொல்ல வேண்டும்: தன் எச்சிலைத் தான் பிரித்து வைக்காத கை அடிமைமுறையை அனுபவிக்கும் கை. மாணவன் மீது நான் ஏற்றும் குற்றச்சாட்டு இது ஒன்றே. சுவரொட்டிகளில் இதனை நான் கண்டதில்லை.

போர்க்கால வன்னியைக் காட்டி நம்மை நாணவைக்க முயல்வோரும் உளர். பொருளாதாரத் தடைக்காலத்தில் மக்கள் எதையும் வீணாக்கவில்லை என்பர். உண்மைதான். மண்ணெண்ணெய் பொன்னாயிருந்த அந்நாட்களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியிட்டுச் சிக்கன விளக்குச் செய்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவ்விளக்கில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாயிருக்கின்றனர். அந்த அறிவுத்திறன் போற்றத்தக்கது. அதனைப் பிறப்பித்த தடை போற்றத்தக்கதன்று. போரின் பின்னர் வயிற்றுப்பாட்டுக்காகப் பழைய இரும்பு பொறுக்கச் சென்று வெடிபொருளிற் சிக்கி அங்கம் இழந்தோரும் ‘மீள்சுழற்சி’ செய்தோரே. பட்டினியைச் சிக்கனம் என்றும் தட்டுப்பாட்டைச் சூழற்பற்று என்றும் பெயர்மாற்றும் வித்தையை நாம் ஏற்கலாகாது.

கடைசியாக நமது தோழர்களோடு ஒரு வழக்கு. அமைப்பு மாறும்வரை தொட்டிகளைப் பற்றிப் பேசுவது சில்லறைச் சீர்திருத்தம் என்கிறார்கள். சொல்வதற்கு வசதியான கொள்கை. சொல்லிக்கொண்டே பொதியை அவிழ்க்கலாம். இவர்கள் விடுதி என்றால் என்னவென்பதைக் கவனிக்கவில்லை. ஆயிரம் குடும்பங்கள் ஆயிரம் கடைகளில் ஆயிரம் விதமாய் வாங்கும். அவற்றை ஒன்றுசேர்த்தல் அரிது. விடுதியிலோ ஆயிரம் பேரும் ஓரிடத்தில் ஒரே வேளையில் ஒரே குத்தகைக்காரரிடம் உண்கின்றனர். நம் சமூகத்தில் உண்ணுதல் கூட்டுச் செயலாயிருக்கும் வெகுசில இடங்களுள் அது ஒன்று. ஒருநாள் மதியம் ஆயிரம் பேரும் தத்தம் தட்டோடு வரிசையில் நின்று, தாளில் இட்ட சோற்றை வாங்கமாட்டோம் என்றால் குத்தகைக்காரர் என்ன செய்வார்? பகிடிவதைக்குப் புதியவர்களை ஒன்றுதிரட்டத் தெரிந்த சிரேட்ட மாணவர்களுக்கு இதற்கு ஒன்றுதிரட்டத் தெரியாதென்று நான் நம்பத் தயாரில்லை. போராட்டம் என்றால் பிரதான வாயிலை மூடுவதொன்றே என்ற பழக்கம் நம்மைப் பீடித்திருக்கிறது. சமையற்கூடத்தின் வாயிலையும் சற்று நோக்கலாம்.

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். சிற்றுண்டிச்சாலைக்குக் கேள்வி கோரப்படும்போது, அதிகூடிய குத்தகைப் பணம் தருபவர் யார் என்று பார்ப்பதே வழக்கம். அக்கேள்விப்பத்திரத்தின் நிபந்தனைகளை மாணவர் ஒன்றியம் முன்கூட்டியே கேட்டுப் பெற்று வாசிக்க வேண்டும். உணவு தட்டிலேயே பரிமாறப்படும், தாள் பயன்படுத்தப்படமாட்டாது. தட்டுக் கழுவும் தொழிலாளர் இத்தனை பேர், அவர்களுக்குச் சட்டப்படியான சம்பளம் இவ்வளவு. போத்தலில் விற்கப்படும் பானத்துக்கு மீளளிக்கத்தக்க வைப்புப் பணம் அறவிடப்படும் என்ற வரிகள் அதில் இடம்பெற வேண்டும். பச்சைத் தொட்டி வளாகத்துக்கு வெளியே போகாது, உள்ளேயே பசளையாக்கப்படும் என்பதையும், பிரித்த கழிவைக் கலந்து ஏற்றும் வண்டிக்கு வாயில் திறக்கப்படமாட்டாது என்பதையும் நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். நகரசபையாயிருந்து மாநகரசபையாக உயர்ந்துவிட்ட வவுனியாவின் சபையிடம் இதே கோரிக்கையோடு செல்லும் நாளில், சாளம்பைக்குளத்து மக்களையும் மாணவர்கள் அழைத்துச் செல்லட்டும். 2019இல் அவர்கள் வண்டியை மறித்து நின்றபோது அவ்வீதியால் நம்மிற் பலர் விரிவுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.